சுவருக்குள் ஒளிந்திருக்கும் வீடு



'ப்ரீஃபேப்' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது எது? சைட்டில் இன்ஜினியர் உட்காரும் தகரக் கொட்டகை. சித்திரை மாதத்தில் உள்ளே போனால் ஆள் வெந்துதான் வெளியே வருவார்! "இதிலே போய் மனுஷன் குடியிருப்பானா?" என்று கேட்பது நியாயம்தான். ஆனால் ஜப்பானில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் ஏறக்குறைய ஏழெட்டில் ஒன்று ப்ரீஃபேப் வீடு. அதுவும் வசதி இல்லாதவர் வாங்கும் வீடு இல்லை; பெரிய கம்பெனிகளின் ப்ரீஃபேப் வீடு, உள்ளூர் தச்சர் கட்டும் மர வீட்டைவிடப் பெரும்பாலும் விலை கூடுதல்.

அவற்றில் ஒரு வகை வீட்டுக்குள் போனால் இன்னொரு ஆச்சரியம். பீரோ, ஷோகேஸ், டி.வி. ஸ்டாண்டு, காலண்டர் என்று எதுவுமே கண்ணில் படாது. வெள்ளைச் சுவர், மரத் தரை, பெரிய ஜன்னல், தரையோடு தரையாக ஒரு மேஜை. அவ்வளவுதான். மினிமலிஸம் என்று இதற்குப் பெயர். பார்க்கிறவர், "ஒண்ணுமே இல்லையே, இதுக்கு எதுக்கு ஒரு டிசைனர்?" என்பார். சிவில் படிக்கிற நாம் அப்படிச் சொல்லக்கூடாது என்பது என் கட்சி. அங்கே ஒன்றும் இல்லாமல் போய்விடவில்லை. எல்லாம் சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் போய் ஒளிந்திருக்கிறது. எங்கே ஒளிந்திருக்கிறது, வேண்டும்போது வெளியே எடுக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால்தான் அந்த வீட்டில் 30, 40 வருஷம் குடும்பம் நடத்த முடியுமா என்று சொல்ல முடியும். நான் ஜப்பான் போனவன் இல்லை. படித்ததையும், பிளானையும் செக்‌ஷனையும் வைத்துக்கொண்டு யோசித்ததையும்தான் எழுதுகிறேன்.

மூன்று மணி நேர அறை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் ஏகப்பட்ட குழந்தைகள் பிறந்தன. வீடுகளோ சிறியவை. பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க இடமில்லை. 1959-ல் டைவா ஹவுஸ் என்ற கம்பெனி 'மிட்ஜெட் ஹவுஸ்' என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரும்புச் சட்டத்தில் பலகைகளைப் பொருத்தி, வீட்டுத் தோட்டத்திலேயே மூன்று மணி நேரத்தில் நிறுத்திவிடும் ஒற்றை அறை. பையன் பள்ளிக்கூடம் போய்த் திரும்புவதற்குள் அவனுக்குத் தனி அறை ரெடி! ஜப்பானிய ப்ரீஃபேப் வீட்டுத் தொழிலின் தொடக்கம் இதுதான் என்பார்கள்.

இவ்வளவு சீக்கிரம் அந்த நாட்டுக்கு இது எப்படிக் கைவந்தது? அவர்களுடைய பழைய மர வீடே பாதி ப்ரீஃபேப் மாதிரிதான் என்பது என் கருத்து. தரையில் விரிக்கும் 'ததாமி' பாய் ஒரு நிலையான அளவு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும், சுமார் 910 × 1820 மி.மீ. அறையின் பரப்பையே 'நாலரைப் பாய் அறை', 'ஆறு பாய் அறை' என்றுதான் சொல்வார்கள். தூண்களும் நகரும் கதவுகளும் அந்தக் கணக்கிலேயே வரும். படுக்கையைச் சுருட்டி வைக்கும் சுவர் அலமாரியின் ஆழம்கூட அதே அரைப் பாய் அகலத்தை ஒட்டித்தான். பகலில் மெத்தையை மடித்து அலமாரிக்குள் தள்ளிவிட்டால் படுக்கையறையே கூடமாகிவிடும். நம் வீடுகளிலும் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டுக் கூடத்தைப் புழங்கிய காலம் இருந்ததே! ஆக, காலியான அறை என்பது அவர்களுக்கு நேற்று வந்த ஃபேஷன் இல்லை. அலமாரி இருந்ததால் அறை காலியாக இருந்தது.

அடுத்த பெரிய படி 1971. செகிசுயி ஹெய்ம் எம்-1 என்ற வீடு. வடிவமைத்தவர் கட்சுஹிகோ ஓனோ. இதில் சுவர், கூரை என்று தனித்தனியாக அனுப்பவில்லை. லாரியில் ஏறும் அளவுக்கு இரும்புச் சட்டப் பெட்டிகளாகவே தொழிற்சாலையில் செய்து, கிரேனால் தூக்கி அடுக்கினார்கள். தொழிற்சாலையில் கன்வேயர் லைன் ஓடும். பெட்டி நகர நகர ஒருவர் வயர் இழுப்பார், அடுத்தவர் ஜன்னல் மாட்டுவார். நம் மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் இதைப் படித்தால் "இது எங்க சப்ஜெக்ட் ஆச்சே!" என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும். கார் செய்யும் டொயோட்டாவே 1975-ல் வீட்டுத் தொழிலில் இறங்கியது என்பதையும் அவர்களுக்குச் சாதகமாகச் சொல்லிவைக்கிறேன்.

ஓனோ தன் பெட்டியை 'நோக்கமில்லாத பெட்டி' என்றார். இது சமையலறை, இது படுக்கையறை என்று பெட்டிக்குப் பெயர் கிடையாது. குடியிருப்பவர் தீர்மானித்துக்கொள்ள வேண்டியது. ஒரே மாதிரிப் பெட்டியாக இருந்தால்தான் தொழிற்சாலையில் மலிவாகச் செய்ய முடியும். ஒரே மாதிரிக் குடும்பம் மட்டும் உலகத்தில் எங்கே இருக்கிறது? அந்த முரண்பாட்டை அவர் அவிழ்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இதோடு குளியலறைக் கதையையும் சொல்லியாக வேண்டும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்காக நியூ ஒட்டானி ஹோட்டலை ஒன்றரை வருஷத்துக்குள் கட்டி முடிக்க வேண்டியிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள். ஒவ்வொரு அறைக்கும் குளியலறை. ஒரு குளியலறை கட்டுவதென்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா? ப்ளம்பர் முடித்த பிறகு வாட்டர்ப்ரூஃபிங், அது காய்ந்த பிறகு டைல்ஸ், அப்புறம் எலக்ட்ரீஷியன். இரண்டு பேர் நிற்க முடியாத இடத்தில் நாலு தொழில்காரர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும். டோட்டோ கம்பெனி தொட்டியையும் தரையையும் கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கில் வார்த்து, குளியலறையையே தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து மாட்டியது. தரையும் தொட்டியும் மூட்டு இல்லாத ஒரே கிண்ணம் மாதிரி இருப்பதால் தண்ணீர் கசிய வழி குறைவு. இன்று ஜப்பானில் வீடு மரமோ கான்கிரீட்டோ, குளியலறை பெரும்பாலும் இந்த 'யூனிட்' வகைதான். நம் ஊரில் மாடி பாத்ரூம் கசிந்து கீழ்வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எத்தனை!

பூச்சு வேலை மன்னிக்கும்

இப்போது நம் சைட்டுக்கு வருவோம். செங்கல் சுவர் கட்டும்போது கொத்தனார் நூல் பிடிப்பார், தூக்குக்குண்டு விடுவார். இருந்தாலும் 5 மி.மீ., 10 மி.மீ. உள்ளே வெளியே போகத்தான் செய்யும். யாரும் கவலைப்படுவதில்லை. "பூச்சுலே சரி பண்ணிக்கலாம் தம்பி!" நேரான பக்கத்தில் 12 மி.மீ., மேடு பள்ளமான பக்கத்தில் 15 முதல் 20 மி.மீ. சிமெண்ட் பூச்சு எல்லாப் பாவத்தையும் மூடிவிடும். மிச்சம் இருப்பதைத் தரை ஓரத்தில் ஸ்கர்ட்டிங்கும் கதவு ஓரத்தில் பீடிங்கும் மறைக்கும். நான் பயிற்சிக்குப் போன இடத்தில் பீம் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. அதை மறைக்கவே ஃபால்ஸ் சீலிங் போட்டார்கள். வீட்டுக்காரருக்கு அது அலங்காரம்!

மினிமலிஸ வீட்டில் இந்த மன்னிப்பு கிடையாது. ஸ்கர்ட்டிங் இல்லை, கார்னிஸ் இல்லை, பீடிங் இல்லை. சுவரும் சீலிங்கும் சந்திக்கும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும். அந்தக் கோடு ஒரு முனையில் 2 மி.மீ., மறு முனையில் 6 மி.மீ. என்று இருந்தால் காலி அறையில் அது பளிச்சென்று தெரியும். சாமான் நிறைந்த அறையில் யாருடைய கண்ணும் அங்கே போகாது. அதனால்தான் தொழிற்சாலையும் இந்த அலங்கார முறையும் ஒன்றையொன்று தேடி வந்தன என்று நினைக்கிறேன். ஜிக்கில் வைத்து வெல்டிங் செய்து, மெஷினில் அறுத்தால்தான் அந்த நேர்த்தி கட்டுப்படியாகும்.

நேர்த்தி மட்டும் போதாது, பொருள் அசையும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சின்னக் கணக்கு ஒன்று. 6 மீட்டர் இரும்பு பீம், வெப்பம் 30 டிகிரி ஏறுகிறது. விரிவுக் கெழு ஒரு டிகிரிக்கு 10 லட்சத்தில் 12 பங்கு. 6000-ஐ 30-ஆல் பெருக்கி, 12-ஆல் பெருக்கி, 10 லட்சத்தால் வகுத்தால் 2.16 மி.மீ. நம் பிளாஸ்டர் சுவரில் இது ஒரு முடிக்கீறல். "பெயிண்ட் அடிச்சா போயிடும்" என்போம். மூட்டே அழகாக இருக்கிற வீட்டில் இதற்கென்று இடைவெளி விட்டுத்தான் வரைய வேண்டும். மரமானால் சூடு அல்ல, ஈரம்தான் வில்லன். ஈர மரம் காயும்போது குறுக்குவாட்டில் நூற்றுக்கு 2 பங்கு சுருங்கினாலும் 300 மி.மீ. உயர பீமில் 6 மி.மீ. போய்விடும். ஆகவே நன்கு உலர்த்திய பலகைகளை ஒட்டிச் செய்த மரத்தையே பயன்படுத்துகிறார்கள்.

இன்னொன்று. நம் வீட்டில் ஏ.சி. பாயின்ட் மறந்துபோனால் என்ன செய்வோம்? சுவரைக் கொத்துவோம். பேனல் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய பிறகு உளியை எடுக்க முடியாது. ஸ்விட்ச் எங்கே, குழாய் எங்கே, ஃபிரிட்ஜ் எந்த மூலையில் என்பதெல்லாம் முதல் பெட்டி வெல்டிங் ஆவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். சென்னைப் பெரும்பாக்கத்தில் 2022-ல் திறக்கப்பட்ட 1,152 வீடுகளும் ப்ரீகாஸ்ட் முறையில் உருவானவைதான். காலம், பீம், ஸ்லாப் எல்லாம் முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து பொருத்தியவை. ஆகவே இது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம், டிப்ளமா முடித்தவனுக்கு எதற்கு என்று சொல்ல வழியில்லை. இனி சூப்பர்வைசர் வேலை என்பது பூச்சை மேற்பார்வை பார்ப்பதைவிட, டிராயிங்கில் மூட்டைப் படிப்பதாகவே இருக்கும்.

பெயரில்லாத வீடு

முஜி என்ற ஜப்பானியக் கடை 1980-ல் தொடங்கியது. அதன் முழுப்பெயருக்கு 'முத்திரை இல்லாத நல்ல பொருள்' என்று அர்த்தம். நோட்டு, பேனா, சட்டை என்று விற்றவர்கள் 2004-ல் வீடும் விற்க ஆரம்பித்தார்கள். 'மர வீடு' என்பதே அதன் பெயர். கசுஹிகோ நம்பா என்ற கட்டடக்கலைஞர் (நண்பா இல்லை, நம்பா!) தான் ஏற்கெனவே கட்டிவந்த 'பெட்டி வீடு' வரிசையை அடிப்படையாக வைத்து இதை வடிவமைத்தார்.

வீடு முழுவதும் ஏறத்தாழ ஒரே அறை. தெற்குப் பக்கம் பெரிய கண்ணாடி. நடுவில் தளம் இல்லாமல் மாடி வரை திறந்த வெளி. கீழே சமையல், மேலே படுக்கை. நடுவில் சுவர் கிடையாது. பிள்ளை பெரியவனானால் மாடியில் ஒரு தடுப்பு வைக்கலாம், அவன் வேலைக்குப் போனபின் எடுத்துவிடலாம். உள் சுவர் எதுவும் பாரம் தாங்காததால்தான் இது நடக்கிறது. பாரம் முழுவதும் ஒட்டு மரத் தூணும் பீமும் இரும்புப் பொருத்தியும் சேர்ந்த சட்டகத்துக்கு. 'எஸ்.ஈ. முறை' என்பார்கள். பழைய முறையில் தூணில் துளை போட்டு முளையைச் செருகுவார்கள். துளை போட்ட இடத்தில் தூண் மெலிந்துவிடும். இதில் தூணின் காலை அடித்தளத்தோடு இரும்புப் பொருத்தியால் நேராகப் பிணைக்கிறார்கள். வீட்டுக்கு வீடு தனியாக ஸ்ட்ரக்சுரல் கணக்கும் போடுகிறார்கள்.

இந்த முறை உருவானதற்குப் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கிறது. 1995 ஜனவரி 17 விடியற்காலை 5.46-க்கு கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியது. இறந்தவர்கள் 6,434 பேர். பெரும்பாலோர் தூக்கத்திலேயே இடிந்த வீட்டுக்கும் சாய்ந்த சாமான்களுக்கும் அடியில் சிக்கினார்கள். கனமான ஓட்டுக் கூரையும் போதிய குறுக்குச் சட்டம் இல்லாத சுவருமாக நின்ற பழைய மர வீடுகள்தான் அதிகம் விழுந்தன. அதன் பிறகுதான் மர வீட்டுக்கும் முறையான இணைப்பு வேண்டும் என்ற எண்ணம் வலுத்து, இப்படிப்பட்ட முறைகள் வந்தன. படுக்கைக்குப் பக்கத்தில் உயரமான பீரோ நிற்கக்கூடாது என்பதும் அந்த ஊர்க்காரருக்கு அழகுணர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு சாமான்களைக் குறைத்துக்கொண்டவர்கள் பலர் இதையே காரணமாகச் சொன்னார்கள். சுவரோடு சேர்ந்த அலமாரி சாயாது.

இந்த வீட்டில் குறை இல்லையா? உண்டு. ஒரே அறை என்றால் சத்தமும் ஒரே அறைதான். ஒருவர் டி.வி. பார்த்தால் எல்லோரும் பார்த்த மாதிரி. மீன் வறுத்தால் மாடியில் தலையணை வரை வாசனை போகும். குளிர்காலத்தில் சூடான காற்று மேலே ஏறிவிடும். கீழே கால் விறைக்கும். இதைச் சமாளிக்கத்தான் சுவருக்கு வெளியே கனமான இன்சுலேஷன், இரட்டைக் கண்ணாடி ஜன்னல் என்று செலவு செய்கிறார்கள். வெளியே தெரியாத அந்த இன்சுலேஷன் இல்லாவிட்டால் உள்ளே தெரிகிற திறந்த வெளி ஒரு குளிர்காலம் தாங்காது. படத்தைப் பார்த்து அதே மாதிரி நம்ம ஊரில் கட்டுகிறவர்கள் இன்சுலேஷனை மட்டும் விட்டுவிட்டு, தெற்கே கண்ணாடியை மட்டும் காப்பியடித்தால் கரண்ட் பில் பேசும்.

நான்கு போல்ட்

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த கட்டடம். டோக்கியோவில் கின்சாவுக்குப் பக்கத்தில் 1972-ல் திறக்கப்பட்ட நகாகின் கேப்சூல் டவர். கிஷோ குரோகவாவின் வடிவமைப்பு. நடுவே லிஃப்டும் படிக்கட்டும் குழாய்களும் உள்ள இரண்டு கோபுரங்கள். அவற்றைச் சுற்றி 140 பெட்டிகள். பெட்டி ஒவ்வொன்றும் சுமார் 2.5 × 4 மீட்டர், உயரம் 2.5 மீட்டர். அதாவது 10 ச.மீ.தான்; நம் ஹாஸ்டல் ரூம் மாதிரி. அதற்குள் கட்டில், மடக்கு மேஜை, அலமாரி, டி.வி., டெலிபோன், விமானத்தில் இருப்பது மாதிரி ஒரு குட்டிக் குளியலறை எல்லாம் சுவரோடு சுவராக. வட்டமாக ஒரே ஒரு ஜன்னல். சமையலறை கிடையாது! வாரநாட்களில் தூரத்து வீட்டுக்குப் போக முடியாத ஆபீஸ் ஆட்களுக்காகக் கட்டியதால் சாப்பாடு வெளியே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெட்டிகளைத் தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பெட்டியையும் கோபுரத்தோடு பிணைத்தது நான்கே நான்கு ஹை-டென்ஷன் போல்ட். குரோகவாவின் திட்டம் இதுதான்: கோபுரம் நிலையாக நிற்கும், பெட்டியை 25 வருஷத்துக்கு ஒரு முறை கழற்றிவிட்டுப் புதிது மாட்டலாம். மரம் இலையை உதிர்ப்பது மாதிரி. அவரும் நண்பர்களும் நடத்திய இயக்கத்தின் பெயரே 'மெட்டபாலிஸம்', அதாவது உயிர்ப்பொருள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வேலை.

25 வருஷம் போயிற்று. 50 வருஷமும் போயிற்று. ஒரு பெட்டிகூட மாற்றப்படவில்லை.

ஏன்? போல்ட் நான்குதான், ஆனால் கழற்றக் கிரேன் வரவேண்டும். பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கமாக இருந்ததால், கீழே உள்ளதை எடுக்க மேலே உள்ளவற்றை முதலில் எடுக்க வேண்டியிருந்தது. பெட்டிகளுக்கோ தனித்தனி உரிமையாளர்கள். ஒருவர் காசு வைத்திருப்பார், மேல்பெட்டிக்காரர் சம்மதிக்க மாட்டார். பெட்டிகளுக்கு இடையே இருந்த குறுகிய சந்தில் குழாய் துருப்பிடித்தால் கை நுழையாது. மழைநீர் கசிந்தது. சுவருக்குள் அஸ்பெஸ்டாஸ் இருந்ததால் உடைத்துப் பழுது பார்ப்பதும் ஆபத்து. கடைசி வருஷங்களில் பெட்டிகளுக்கு வெந்நீர் வரவில்லை. அப்படியும் அதை விட்டுப் போக மனமில்லாமல் சிலர் குடியிருந்தார்கள். 2007-ல் இடிப்பதற்கு உரிமையாளர்கள் ஓட்டுப் போட்டார்கள். அதே வருஷம் குரோகவாவும் காலமானார். 2022 ஏப்ரலில் பெட்டிகளைக் கழற்றத் தொடங்கினார்கள். 23 பெட்டிகள் காப்பாற்றப்பட்டன; சில இப்போது மியூசியங்களில் இருக்கின்றன.

'அழகான தோல்வி' என்று இதை எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டடம் 50 வருஷம் நின்றது. நான்கு போல்டும் தங்கள் வேலையைச் செய்தன. தோற்றது டிராயிங்கில் இருந்த ஒரு வரிசை. எதை முதலில் கழற்றுவது, அதற்கு யார் அனுமதி தருவது, ஸ்பேனர் பிடிக்கும் கை எங்கே நுழையும் என்ற மூன்றையும் பொருத்தும்போதே எழுதிவைக்கவில்லை. நம் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டிங் வாத்தியார், "மாட்டறது எல்லாருக்கும் தெரியும்டா, கழட்டுறவன் கையை யோசிச்சு மாட்டு" என்பார். கேப்சூல் டவருக்கு அதைவிடச் சுருக்கமான விமர்சனம் எழுத முடியாது.

ஜப்பானில் வீடுகளைச் சராசரியாக 30 வருஷத்திலேயே இடித்துவிடுகிறார்கள் என்ற கவலை அந்த அரசுக்கும் வந்தது. நீண்டகாலம் நிலைக்கும் தரமான வீடுகளுக்கென்று ஒரு சட்டம் 2009-ல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சான்றிதழ் வாங்கும் வீட்டுக்கு வரிச்சலுகை உண்டு. அதற்கான விதிகளில் நிலநடுக்கத்தைத் தாங்குவது, இன்சுலேஷன் இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது: சட்டகத்தை உடைக்காமல் தண்ணீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் பழுது பார்க்கவும் மாற்றவும் வழி இருக்க வேண்டும். பார்வைத் துளை எங்கே என்று பிளானில் காட்ட வேண்டும். வெள்ளை வெளேரென்று காலியாக இருக்கும் அந்தச் சுவரில் கூர்ந்து பார்த்தால் அதே வெள்ளையில் ஒரு சின்னக் கதவு இருக்கும். டிசைனருக்கு அது கண்ணை உறுத்தும். பத்து வருஷம் கழித்து வரும் ப்ளம்பருக்கு அது ஒன்றுதான் வழி.

எம்-1 வழிவந்த பெட்டி வீடுகளை விற்ற கம்பெனி, பழைய வீட்டைப் பெட்டி பெட்டியாகக் கழற்றித் தொழிற்சாலைக்குத் திருப்பி எடுத்துப்போய், சட்டகத்தைச் சரிபார்த்து, சுவரும் ஜன்னலும் புதிதாக மாட்டி, வேறொருவர் மனையில் நிறுத்தும் வேலையையும் செய்து காட்டியிருக்கிறது. குரோகவா கோபுரத்தில் செய்ய நினைத்ததை ஒரு சாதாரணக் குடும்பத்தின் மாடி வீட்டில் செய்தார்கள். அங்கே ஒரு வீட்டுக்கு ஒரே உரிமையாளர். பெட்டியின் நான்கு மூலையிலும் கிரேன் கொக்கி மாட்ட இடம். எல்லாவற்றுக்கும் மேலே கூரை, அதுதான் முதலில் கழறும்.